பட்டத்திற்குப் பின்னும் ஒரு பயிற்சி

உடலைக் கீறாமலேயே அதன் உள்ளே நிகழ்வதைக் காட்டுகிறது எம்.ஆர்.ஐ. கருவி. நம் உடலில் நீர் நிறைந்துள்ளது. அந்நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நுண்ணிய காந்தங்களைப் போன்றவை. வலிமைமிக்க காந்தப்புலத்தில் அவற்றின்மீது வானொலி அலைகளைச் செலுத்தினால், அவை மெல்லிய சமிக்ஞைகளைத் திருப்பி அனுப்புகின்றன. கணினி அந்தச் சமிக்ஞைகளைப் படமாக மாற்றுகிறது. இதற்கு எக்ஸ்ரே கதிர்கள் தேவையில்லை.

இக்கருவி உருவாகப் பெரும்பங்காற்றியவர்களுள் ஒருவர் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு. 1933ஆம் ஆண்டு லண்டனில் பிறந்த இவர், 15 வயதிலேயே பள்ளியை விட்டு விலகி அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆயினும், அறிவியல்மீது கொண்ட ஆர்வம் தணியவில்லை. வேலை செய்துகொண்டே படித்துப் பல்கலைக்கழகத்தில் நுழைந்தார். 1962இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

முனைவர் பட்டமே கல்வியின் எல்லை எனப் பலர் கருதுகின்றனர். மான்ஸ்ஃபீல்டோ மனைவியுடன் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அணுக்கருக் காந்த அதிர்வுத் துறையில் புகழ்பெற்ற சார்ல்ஸ் சிலிக்டரின் ஆய்வுக்குழுவில் ஈராண்டுகள் பணியாற்றினார். இத்தகைய பணியே ‘முதுமுனைவர் ஆய்வு’ எனப்படுகிறது. இந்நிலையில் இருப்பவர் மாணவர் அல்லர். ஊதியம் பெறும் ஆய்வாளர். அனுபவம் மிக்க அறிஞர்களோடு இணைந்து புதிய முறைகளைக் கற்கிறார். தாமே ஆய்வை வழிநடத்தும் திறனையும் வளர்த்துக்கொள்கிறார். எனினும், இப்பணி பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே. அதன்பின் நிலையான வேலை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே, இதனைத் தேர்ந்தெடுப்பவருக்கு ஆர்வத்தோடு துணிவும் வேண்டும்.

1964இல் இங்கிலாந்து திரும்பிய மான்ஸ்ஃபீல்டு, நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அங்கே தம் ஆய்வை மனித உடலைப் படமெடுக்கும் முயற்சியாக விரிவுபடுத்தினார். படங்களை விரைவாக எடுக்கும் முறையையும் கண்டறிந்தார். 1978இல், முழு உடலையும் படமெடுக்கத் தம் குழு உருவாக்கிய கருவிக்குள் முதலில் தாமே நுழைந்தார். அது உடலுக்குத் தீங்கு விளைவிக்குமோ என்ற அச்சம் நிலவிய காலம் அது. பிறரைச் சோதனைக்கு உட்படுத்துமுன் தம்மையே அவர் உட்படுத்திக்கொண்டார். 2003இல் அமெரிக்க அறிஞர் பால் லாட்டர்பருடன் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மருத்துவப் படிமவியலில் இன்றும் தீர்க்கப்படாத சிக்கல்கள் பல உள்ளன. நோயாளி கருவிக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டிய நேரத்தைக் குறைக்க வேண்டும். நோயை இன்னும் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும். இப்பணிகளுக்கு இயற்பியலாளர், வேதியியலாளர், கணினி வல்லுநர், மருத்துவர் ஆகிய அனைவரும் தேவைப்படுகின்றனர். ஒரு துறையில் பட்டம் பெற்றவர் மற்றொரு துறையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து பயில முதுமுனைவர் ஆய்வு வாய்ப்பளிக்கிறது. அச்சகத்தில் தொடங்கிய ஒருவரின் பயணம் நோபல் மேடையை எட்டியது. பட்டம் பெற்ற பின்னும் கற்பதை அவர் நிறுத்தவில்லை என்பதே அதற்குக் காரணம்.