எல்.ஆர். ஈஸ்வரியின் குரலுக்கு வேலி போட்டது யார்?

சேலம் மாவட்டத்து மேச்சேரி பத்ரகாளியம்மனுக்கு மாசித் தேர் இழுக்கும் நாளானாலும், ஓமலூர், நங்கவள்ளி, மேட்டூர்ப் பக்கத்துச் சின்னச் சின்ன மாரியம்மன் கோயில்களில் ஆடிக்கூழ் ஊற்றும் நாளானாலும், மைக்செட்டில் பிள்ளையார் பாட்டு முடிந்ததும் எழும் குரல் பெரும்பாலும் எல்.ஆர். ஈஸ்வரியுடையதுதான். அரை நூற்றாண்டாகத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் அம்மனைக் கூப்பிடுவது இந்தக் குரலில்தான். ஆனால் இதே பாடகி திரையுலகில் இருந்த காலத்தில் கதாநாயகியின் மனதைப் பாடும் வாய்ப்பு அவருக்கு அரிதாகவே கிடைத்தது. திறமையில் யாருக்கும் குறையாத ஒருவர், தனித்த முன்னணிப் பாடகியாக எட்டியிருக்க வேண்டிய உயரத்தைத் திரையில் ஏன் எட்டவில்லை? அதிர்ஷ்டம், போட்டி, காலமாற்றம் என்று வழக்கமாகச் சில காரணங்களைச் சொல்வார்கள். அவற்றையெல்லாம் தாண்டி வலுவான ஒரு காரணம் உண்டு. நம் திரையுலகம் பெண்குரலைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. திரையில் பாடுகிற பெண் எப்படிப்பட்டவள் என்று பார்த்துத்தான் குரலை ஒதுக்கியது.

1939-ல் சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் ஈஸ்வரி. தாயார் ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடகி. தாயோடு ஒலிப்பதிவுக்குப் போய்வந்த மகளும் கோரஸில் நின்றார். 1954-ல் வந்த 'மனோகரா'வில் ஜிக்கியின் பாட்டுக்குப் பின்னால் ஒலித்த குழுவில் அவரும் ஒருவர். 1958-ல் 'நல்ல இடத்துச் சம்பந்தம்' படத்தில் கே.வி. மகாதேவன் அவரைத் தனியாகப் பாட வைத்தார். 1961-ல் 'பாசமலர்' படத்துக்காக விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் பாடிய கல்யாணப் பாட்டு அவரை ஊரறியச் செய்தது. இன்றும் மணப்பெண்ணை மேடைக்கு அழைத்துவரும்போது பல மண்டபங்களில் அந்தப் பாட்டைத்தான் போடுகிறார்கள். படத்தில் அது மணப்பெண் பாடும் பாட்டில்லை. அவளை அழைத்துப் போகும் தோழி பாடுவது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஈஸ்வரிக்குத் திரை கொடுத்த இடத்தை அந்த முதல் வெற்றியே கோடுபோட்டுக் காட்டிவிட்டது. தோழி, இரண்டாம் நாயகி, தெருவில் கூவி விற்பவள், ஜோடிப் பாட்டில் வரும் நகைச்சுவை நடிகை, கிளப்பில் ஆடுபவள் என்று அவர் குரல் பலருக்கும் போனது. நாயகியிடம் மட்டும் எப்போதாவதுதான் வந்தது.

இது தற்செயல் இல்லை என்பதற்கு இரண்டு படங்களை அருகில் வைத்துப் பார்த்தாலே போதும். 1969-ல் ஸ்ரீதர் இயக்கிய 'சிவந்த மண்' படத்தின் நாயகி காஞ்சனா. அவர் காதலிக்கும்போது பாடுவது பி. சுசீலாவின் குரல். அதே காஞ்சனா மாறுவேடத்தில் நடனக்காரியாக வந்து, சாட்டையடிகளுக்கு நடுவே ஆடும்போது குரல் ஈஸ்வரிக்கு மாறுகிறது. நடிகை ஒருவர்தான், பாத்திரமும் ஒன்றுதான். வேடம் மாறியதும் தொண்டையும் மாறிவிட்டது. 1972-ல் வந்த 'வசந்த மாளிகை' இன்னும் தெளிவான சான்று. அதில் குடித்துக் கூத்தாடும் நாயகனுக்கும் டி.எம். சௌந்தரராஜன்தான், காதலில் உருகும் நாயகனுக்கும் அவர்தான். பெண்குரல் மட்டும் பிரிந்துபோகிறது. கூத்துப் பாட்டில் கூட நிற்பது ஈஸ்வரி, காதல் பாட்டில் கூட நிற்பது சுசீலா. ஆணுக்கு ஒரே குரல் தப்பும் செய்யலாம், திருந்தவும் செய்யலாம். பெண்ணுக்கு நல்லவளின் குரல் வேறு, மற்றவளின் குரல் வேறு. ஈஸ்வரிக்கு முன்பு கே. ஜமுனா ராணி போன்றவர்களும் இந்தப் பங்கீட்டுக்குள்தான் பாடினார்கள். ஆகவே ஏதோ ஓர் இசையமைப்பாளரின் விருப்பு வெறுப்பாக இதைச் சுருக்கிவிட முடியாது. தொழில் முழுவதும் ஏற்றுக்கொண்டிருந்த வழக்கம் இது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், அறுபதுகளில் துப்பறியும் படங்களை வரிசையாக எடுத்தது. அந்தப் படங்களுக்கு வேதாவின் மேற்கத்திய பாணி இசையும், ஈஸ்வரியின் துள்ளும் குரலும் உயிர்நாடி. 1966-ல் வந்த 'வல்லவன் ஒருவன்' படத்தில் பளிங்கு மாளிகையைப் பற்றி அவர் பாடிய பாட்டில் மர்மமும் மயக்கமும் ஒன்றாகக் கலந்திருக்கும். வரியின் முடிவில் குரலை வெட்டாமல் மெல்ல நழுவவிட்டு, அடுத்த வரியைத் தாளத்துக்கு ஒரு நூலிழை பின்னால் பிடிக்கும் அந்த லாவகம் எளிதில் வராது. மேற்கத்திய தாளத்தைத் தமிழ் உச்சரிப்பு கெடாமல் பாடுவதில் அவருக்கு நிகராக அன்று யாரும் இல்லை. ஆனால் அந்தத் திறமையே அவருக்கு முத்திரையாகிவிட்டது. வேகமான பாட்டு, விரசமான சூழல், விசில் பறக்கும் இடம் என்றால் ஈஸ்வரியைக் கூப்பிடுங்கள் என்றானது.

"அவருடைய குரலே அப்படிப்பட்டதுதானே, மென்மையான பாட்டுக்கு அது எடுபடுமா?" என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு 1972-லேயே பதில் வந்துவிட்டது. கே. பாலசந்தரின் 'வெள்ளி விழா' படத்தில் வி. குமார் இசையில் அவர் பாடிய 'காதோடுதான் நான் பாடுவேன்' பாட்டைக் கவனமாகக் கேட்டுப் பாருங்கள். முழுத் தொண்டையைத் திறந்தால் கோயில் வீதியையே நிரப்பக்கூடிய அந்தக் குரல், மைக்குக்குப் பக்கத்தில் பாதி மூச்சில் நிற்கிறது. சொற்களின் ஓரங்கள் மழுங்கி, சொல்லுக்கும் பெருமூச்சுக்கும் நடுவே பாட்டு நகர்கிறது. பலம் இல்லாத குரல் மெதுவாகப் பாடினால் மெலிந்து போகும். பலத்தை வேண்டுமென்றே அடக்கிப் பாடுகிற குரலில்தான் இந்த நெருக்கம் கிடைக்கும். தமிழ்த் திரையின் மிக அந்தரங்கமான பாட்டுகளில் ஒன்றைத் தந்தவரால் மென்மையாகப் பாட முடியாது என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. அந்தப் பாட்டு பெரிய வெற்றியும் பெற்றது. அப்படியிருந்தும் அதே வகைப் பாட்டுகள் வரிசையாக அவரைத் தேடி வரவில்லை. ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள், தொழில்தான் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

சுசீலா இருக்கும்போது வேறொருவர் எப்படி முன்னுக்கு வர முடியும் என்பது அடுத்த ஆட்சேபம். சுசீலாவின் மேன்மையில் எவருக்கும் ஐயமில்லை. 1968-ல் பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது ஏற்படுத்தப்பட்டபோது 'உயர்ந்த மனிதன்' படத்துக்காக அதை முதலில் பெற்றவரே அவர்தான். ஆனால் ஈஸ்வரி தரத்தில் இரண்டாமிடம் என்று இசையமைப்பாளர்கள் நினைத்ததாகப் பாட்டுகள் சொல்லவில்லை. 'பச்சை விளக்கு', 'எங்க வீட்டுப் பிள்ளை', 'இரு மலர்கள்' என்று படத்துக்குப் படம் இருவரையும் ஒரே பாட்டில், ஒரே மெட்டில், மாறி மாறிப் பாட வைத்தார்கள். ஒரே சுருதியில் நின்று, ஒரே சங்கதியைப் பாடி, ஒருவருக்கொருவர் சளைக்காமல் நிற்கிறார்கள் இருவரும். தரத்தில் இடைவெளி இருந்திருந்தால் அந்தப் பாட்டுகளே நொண்டியிருக்கும். ஆக, திரைக்குப் பின்னால் இருவரும் சமம். திரையில் ஒருவர் நாயகி, மற்றவர் தோழி. தாழ்வு குரலில் இல்லை, குரலுக்கு ஒதுக்கிய இருக்கையில் இருந்தது.

இந்த வேலி இயற்கையானதும் இல்லை, நிரந்தரமானதும் இல்லை என்பதை எஸ். ஜானகியின் வரலாறு காட்டுகிறது. 1962-லேயே 'கொஞ்சும் சலங்கை' படத்தில் நாதஸ்வரத்தோடு போட்டிபோட்டுப் பாடியவர் ஜானகி. ஆனாலும் தமிழில் முன்னணிக்கு வர 1976-ன் 'அன்னக்கிளி' வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. இளையராஜா வந்த பிறகு ஒரே குரலிடம் எல்லாவகைப் பாட்டுகளும் போகத் தொடங்கின. 1982-ல் வந்த 'சகலகலா வல்லவன்' படத்தில் நாயகி அம்பிகாவின் காதலுக்கும் ஜானகிதான், சில்க் ஸ்மிதாவின் ஆட்டத்துக்கும் ஜானகிதான். பத்தே ஆண்டுகளுக்கு முன் 'வசந்த மாளிகை'யில் இரண்டாகப் பிரிந்த பெண்குரல் இங்கே ஒன்றாகிவிட்டது. ரசிகர்கள் முகம் சுளிக்கவில்லை, படம் ஓடு ஓடென்று ஓடியது. வேலி விழுந்தது நல்லதுதான். ஈஸ்வரிக்கு மட்டும் அது மிகத் தாமதமாக விழுந்தது. வேலி இருந்தவரை அதற்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவர், விழுந்தபோது போன தலைமுறைக் குரலாகக் கருதப்பட்டார்.

இந்தியில் ஆஷா போஸ்லேயும் இதே பங்கீட்டில் சிக்கியவர்தான். நாயகிக்கு அக்கா லதா மங்கேஷ்கர், கேளிக்கை விடுதி ஆட்டத்துக்குத் தங்கை என்பது அங்கே எழுதாத சட்டம். ஆனால் ஆஷாவுக்கு ஓ.பி. நய்யார் 1957-ல் 'நயா தௌர்' படத்தில் நாயகியின் பாட்டுகளைக் கொடுத்தார். பிறகு ஆர்.டி. பர்மன் துணை நின்றார். 1981-ல் 'உம்ராவ் ஜான்' படத்தில் கய்யாம் அவரைத் தாழ்ந்த சுருதியில் கஜல் பாட வைத்தார். தேசிய விருதும் வந்தது. குரல் புதிதாக வரவில்லை, அந்தக் குரலுக்குள் இன்னொருவர் இருக்கிறார் என்று நம்பிய இசையமைப்பாளர்கள் வந்தார்கள். அமெரிக்காவில் அரேதா ஃபிராங்ளினின் கதையும் இதுதான். கொலம்பியா நிறுவனத்தில் இருந்த ஆண்டுகளில் எதிர்பார்த்த பெயர் கிடைக்காமல் இருந்தவர், அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறி, தேவாலயத்தில் வளர்ந்த தன் குரலை 1967-ல் அப்படியே திறந்து பாடியபோது உலகப் புகழ் பெற்றார். தனித் திறமை மட்டும் ஒருவரைத் தனிப் பாடகராக்கிவிடாது. அதை முழுதாகக் கேட்கும் காது எதிரே வேண்டும்.

தமிழில் அந்தக் காது வேறிடத்தில் காத்திருந்தது. சினிமாவுக்கு வெளியே ஒரு பாடகர் தன் பெயரில் நிற்கும் இசைச் சந்தை நம்மிடம் வலுவாக வளரவே இல்லை. கர்நாடகக் கச்சேரி ஒரு வட்டத்துக்குள் நின்றது. மற்றவர்களுக்கு மிஞ்சியது பக்தி இசைத்தட்டும், பிறகு கேசட்டும். டி.எம். சௌந்தரராஜனுக்கு முருகன், கே. வீரமணிக்கு ஐயப்பன், ஈஸ்வரிக்கு அம்மன். திரையில் எதை விரசம் என்று ஒதுக்கினார்களோ, அந்த வீறும், அடித்துப் பாடும் தாளமும், அடிவயிற்றிலிருந்து வரும் அழைப்பும் அம்மன் சன்னதியில் அருளாக மாறின. பம்பையும் உடுக்கையும் முழங்க, சாமி வந்து ஆடுகிற மண் இது. மேச்சேரியில் வீற்றிருப்பவளோ பத்ரகாளி. உக்கிரமான தாயைக் கூப்பிட மெல்லிய குரல் போதாது. சிலுவையை வணங்கும் குடும்பத்தில் பிறந்தவர் என்று எந்த ஊரும் அவரை விலக்கவில்லை. திரை பார்த்ததுபோல் பாடுபவளின் ஒழுக்கத்தை ஊர் பார்க்கவில்லை, பாட்டின் உண்மையைத்தான் பார்த்தது.

அப்படியானால் அவர் வென்றுவிட்டாரே, குறை எதற்கு என்று கேட்கலாம். பல மொழிகளில் பாடினார், கலைமாமணி பெற்றார், 2011-ல் 'ஒஸ்தி' படத்தில் பாடி இளைஞர்களையும் ஆட வைத்தார். அந்த வெற்றி முழுக்க அவர் உழைத்துப் பெற்றது. ஆனால் அவருக்குக் கிடைத்ததை வைத்து நமக்குக் கிடைக்காமல் போனதை மறைக்கக் கூடாது. ஒரு 'வெள்ளி விழா' கிடைத்த இடத்தில் ஐம்பது பாட்டுகள் கிடைத்திருக்கும். தாலாட்டு, பிரிவு, முதுமை, தனிமை என்று அவர் பாடாமல் விட்ட உணர்ச்சிகளின் பட்டியல் நீளமானது. அந்த நஷ்டம் தமிழ் கேட்பவர்கள் எல்லோருடையதும்.

இன்று தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் பத்து வயதுப் பிள்ளைக்கே "உனக்குக் குத்துப் பாட்டுதான் பொருத்தம்" என்று தீர்ப்புச் சொல்லப்படுகிறது. கிராமத்துக் குரல் என்றால் நாட்டுப்புறம், கனத்த குரல் என்றால் அம்மன் பாட்டு என்று முத்திரை குத்துவது இன்னும் தொடர்கிறது. பாராட்டுப்போல் ஒலிக்கும் அந்த ஒரு வரிதான் ஈஸ்வரிக்குப் போட்ட வேலியின் முதல் குச்சி. சேலம், நாமக்கல் பக்கத்து ஆர்கெஸ்ட்ரா மேடைகளிலும், கூத்துக் கொட்டகைகளிலும், சர்ச் பாடகர் குழுக்களிலும் பெரிய குரல்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களுக்குப் பாட்டுக் கொடுப்பவர்கள், வழக்கமாகப் பாடும் பாட்டுக்கு நேர் எதிரான ஒன்றையும் ஒருமுறை கொடுத்துப் பார்க்க வேண்டும். வி. குமார் அதைச் செய்தார், கய்யாம் அதைச் செய்தார். செலவில்லாத அந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு குரலுக்கு எல்லை வகுக்க யாருக்கும் உரிமை கிடையாது.