நிலவைக் கடக்கும் அரைச் செக்கன்

போயா நிலவின் நடுவே, இறக்கை விரித்த சின்னக் கறுப்பு உருவம் ஒன்று தெரியும் படங்களை நாம் பார்த்திருப்போம். அது சர்வதேச விண்வெளி நிலையம். நம் நாட்டின் இராவணா-1 செய்மதி 2019 ஜூனில் அங்கிருந்துதான் விடப்பட்டது. அப்படியொரு படத்தைக் கண்டியிலிருந்து எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம். தேநீரை ஊற்றிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படத்தைப் பார்க்கும் எல்லோருக்கும், நிலையம் நிலவுக்குப் பக்கத்தில் போவதாகவே தோன்றும். உண்மையில் அது நம் பக்கத்தில்தான் போகிறது. அதன் உயரம் ஏறக்குறைய 420 கிலோமீற்றர்; பருத்தித்துறைக்கும் தெய்வேந்திரமுனைக்கும் இடைப்பட்ட தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நிலவு இருப்பதோ சராசரியாக 384,400 கிலோமீற்றருக்கு அப்பால், அதாவது 900 மடங்குக்கும் மேலான தொலைவில்.

இதனால் என்ன வந்துவிடும்? ஜன்னலோரம் உட்கார்ந்து ஹந்தானை மலையைப் பாருங்கள். தலையைக் கொஞ்சம் நகர்த்தினால், ஜன்னல் கம்பி மலையின் வேறோர் இடத்தை மறைக்கும். மலை இருந்த இடத்திலேயே இருக்கும். நிலையம் அந்தக் கம்பி, நிலவு அந்த மலை. நாம் சில கிலோமீற்றர் தள்ளி நின்றாலே நிலையம் நிலவைவிட்டு விலகிவிடும்.

நிலவு உச்சிக்கு அருகே இருக்கும்போது, இந்தக் காட்சி தெரியும் நிலப்பட்டையின் அகலம் சுமார் 4 கிலோமீற்றர்தான். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும் அத்தகைய பட்டையின் நடுக்கோடு கண்டி வாவிமேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுகஸ்தோட்டையில் நிற்பவருக்கும் படம் கிடைக்கும். பேராதனைப் பூங்காவில் நிற்பவருக்கு நிலையம் நிலவைத் தொடாமலே போய்விடும். நிலவு தாழ்ந்திருந்தால் பட்டை அகலமாகும். ஆனால் நிலையம் இன்னும் சிறிதாகத் தெரியும்.

இடம் சரி, இனி நேரம். நிலையம் செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. உச்சியில் உள்ள நிலவை அரைச் செக்கனில் கடந்துவிடும். முழுநிலவு நாளின் நள்ளிரவில் அது பூமியின் நிழலுக்குள் இருப்பதால், வருவதே கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கண்டபின் அழுத்தலாம் என்று காத்திருக்கக் கூடாது. கைபேசி நேரத்தைப் பார்த்து, கணித்த நேரத்துக்கு ஐந்து செக்கன் முன்பிருந்தே தொடர்ச்சியாக எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் கமரா திறந்திருக்கும் நேரம் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருக்கட்டும். அதற்குள் நிலையம் 8 மீற்றர்கூட நகராது. அதன் நீளம் 109 மீற்றர் என்பதால் உருவம் தெளிவாக விழும். நூறில் ஒரு பங்காக வைத்தால் 76 மீற்றர் நகர்ந்து இழுபட்டுவிடும். உச்சியில்கூட நிலையம் நிலவின் அகலத்தில் 35இல் ஒரு பங்குதான். ஆகவே நீண்ட லென்ஸும் முக்காலியும் தேவை. நிலவின் பள்ளங்கள் கூர்மையாகத் தெரியும்படி முன்கூட்டியே குவியத்தைச் சரிசெய்து, பிறகு அதைத் தொடாதீர்கள்.

கடக்கும் இடத்தையும் நேரத்தையும் கணித்துத் தரும் இணையத்தளங்கள் உண்டு. நிலையத்தின் பாதையை அவ்வப்போது மாற்றுவார்கள். அதனால் கணிப்பை அன்றைக்கே மறுபடி பாருங்கள். புதிய கமராவுக்குக் காசு சேர்ப்பதைவிட, பட்டைக்குள் இருக்கும் ஓர் ஊருக்கு பஸ் ஏறுவதுதான் முதல் வேலை.