அசில் கோழி: வித்துச் சேவலை மாற்றுங்கள்

அசில் என்ற சொல்லுக்கு அரபு மொழியில் கலப்பற்றது என்று பொருள். பெயருக்கேற்ற அசில் கோழியை இன்று தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நிமிர்ந்த நடை, நீண்ட கழுத்து, இறுகிய உடல், பட்டாணிக் கொண்டை, இருந்தும் இல்லாதது போன்ற தாடி ஆகியவை இவ்வினத்தின் அடையாளங்கள். நன்கு வளர்ந்த சேவல் 4 முதல் 5 கிலோவும், பெட்டை 3 முதல் 4 கிலோவும் நிற்கும். தமிழகத்தின் கிளிமூக்கு விசிறிவால் சேவலும் இக்குடும்பமே. இங்கிலாந்தின் கார்னிஷ் இனம் உருவானதில் அசிலுக்குப் பங்குண்டு. பிராய்லர் கோழியோ அந்தக் கார்னிஷ் வழி வந்தது. உலகிற்கே வித்துக் கொடுத்த இனம் இங்கே தேய்வது நமக்குப் பெருமையல்ல.

வனராஜா, கிரிராஜா முதலியவை கொல்லையில் வளர்க்க ஏற்ற நல்ல கோழிகளே. ஆனால் அவற்றின் சேவல்கள் அசில் பெட்டையுடன் கூடித் திரிந்தால் கலப்புக் குஞ்சுதான் பொரிக்கும். இதைப் பலரும் அறிவர். அறியாத கேடு ஒன்றுண்டு. அது, ஒரே சேவலின் வாரிசுகளைத் தலைமுறை தலைமுறையாக அதே கூட்டத்தில் இணைப்பது. உடன்பிறந்தவை இணைந்து பிறக்கும் குஞ்சின் உட்கலப்பு 25 சதவீதம். நாளடைவில் பொரிப்புத் திறன் குறையும். குஞ்சுகள் சோடை போகும்.

1 சேவலுடன் 12 பெட்டைகளை விட்டால் 13 கோழிகள் என்று எண்ணுகிறோம். வம்ச விருத்திக் கணக்கில் அது 4 கோழிகளுக்கும் குறைவு. அதே 12 பெட்டைகளுக்கு 3 சேவல்கள் இருந்தால் கணக்கு ஏறத்தாழ 10 ஆகிறது.

புதுவை நகரில் கொல்லை சிறிது. அசில் சேவல்களோ ஒன்றையொன்று கண்டால் விடா. ஆகவே மூவர் கூடுவதே வழி. முத்தியால்பேட்டையில் ஒருவர், முதலியார்பேட்டையில் ஒருவர், வில்லியனூரில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மூவரும் வெவ்வேறு இடங்களில் வித்து வாங்கி, ஆளுக்கு 1 சேவலும் 4 பெட்டைகளும் வளர்க்க வேண்டும். பிறக்கும் பெட்டைகள் அந்தந்த வீட்டிலேயே தங்கட்டும். இளஞ்சேவல் மட்டும் முத்தியால்பேட்டையிலிருந்து முதலியார்பேட்டைக்கும், அங்கிருந்து வில்லியனூருக்கும், அங்கிருந்து முத்தியால்பேட்டைக்கும் போகட்டும். திசையை மாற்றக் கூடாது. காலில் எண் வளையமும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும்.

வந்த சேவலை 3 வாரம் தனியே அடைத்துக் கவனியுங்கள். பழைய சேவலை விலக்கிய பிறகும் அதன் வித்து பெட்டையின் உடலில் 2, 3 வாரம் தங்கும். அந்நாட்களில் இடும் முட்டை சமையலுக்கு, அடைக்கு அல்ல.

ஆண்டுக்கு 60 முட்டை தேறினாலே அதிகம். முட்டை வியாபாரம் நினைப்பவர்களுக்கு இவ்வினம் ஒத்துவராது. ஆனால் அடை காப்பதிலும் குஞ்சு காப்பதிலும் அசில் பெட்டைக்கு ஈடில்லை. 10 முதல் 12 முட்டை வைக்கலாம். 21 நாளில் பொரிக்கும். வெள்ளைக் கழிச்சலுக்கு 7ம் நாள் கண்ணில் சொட்டு மருந்தும், 8ம் வாரம் ஊசியும் தவறக் கூடாது.

விசிறிவால் சேவல் பல ஆயிரம் ரூபாய் விலை போவதால், மூக்கையும் வாலையும் மட்டும் பார்த்து வித்து எடுக்கும் ஆசை வருகிறது. மூக்கு அளவு மீறி வளைந்து தீவனம் பொறுக்கத் திணறும் சேவல் எவ்வளவு அழகானாலும் வித்துக்கு ஆகாது. நோயில் தேறிய உடல், வலுவான கால், நல்ல தாய் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

குஞ்சுகளில் பாதி சேவலாகத்தான் இருக்கும். வித்துக்கு வேண்டாதவற்றைக் கறிக்கு விற்பதில் தவறில்லை. சேவற்கட்டுக்கு என்று கேட்டு வருபவர்களுக்குக் கொடாதீர்கள். 1960ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்; கத்தி கட்டிய களத்தில் மடிவதும் பெரும்பாலும் நல்ல வித்துதான்.

தடுப்பூசி, வளர்ப்பு முறை பற்றிய விவரங்களுக்குக் குரும்பாபேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தையோ, அங்குள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.