கட்டைவிரல் எங்கே போகணும்?

ஆடி மாசம் வந்தால் போதும். சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை தொடங்கி, நாமக்கல் பக்கம் வரை ஊர் ஊராய் இன்னிசைக் கச்சேரிதான்! மேடை ஓரம் நின்று கீபோர்டுகாரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்த நண்பர்கள் நம் பாலிடெக்னிக்கிலும் உண்டு. அடியேனும் அதில் ஒருவன். ஆசையில் வாசிக்கத் தொடங்கிவிட்டோம். ஆனால் விரல்? அது ஆர்மோனியத்து விரல்! இடது கை துருத்தி போடும், வலது கையில் இரண்டு மூன்று விரல் ஓடும், கட்டைவிரல் சும்மா தொங்கும்.

சென்ற ஆண்டு விழாவில் ஒரு ப்ளூஸ் துண்டு வாசிக்கப் போய், பாதியில் விரல் தீர்ந்துபோய் நான் விழித்த விழி... பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்வரமெல்லாம் மனப்பாடம்தான். விரல் கணக்குத்தான் இல்லை!

ப்ளூஸ், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் வேதனையிலிருந்து பிறந்த இசை. டபிள்யூ.சி. ஹேண்டி 1912-ல் 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' என்று அச்சிட்டு வெளியிட்டார். அதன் ஸ்கேல் நமக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். அட, நம்ம சுத்த தன்யாசி! முத்தையா பாகவதரின் 'ஹிமகிரி தனயே' அமைந்த ராகம். சுத்த மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே பிரதி மத்யமத்தையும் செருகினால் ப்ளூஸ் ஸ்கேல் ரெடி.

ஆக, ஸ்வரம் ஆறு, விரல் ஐந்து. சிக்கல் இங்கேதான்.

கட்டைவிரல் குட்டை. கறுப்புக் கட்டையோ உயரமாய், உள்ளே தள்ளி இருக்கிறது. எனவே கட்டைவிரலுக்கு வெள்ளைக் கட்டைதான் சௌகரியம். நீள விரல் கறுப்பில் நிற்கும்போது கை சற்றுத் தூக்கி இருக்கும். அடியில் கட்டைவிரல் நுழைய வழி கிடைக்கும். கட்டைவிரலை இப்படி முறையாகப் பயன்படுத்தச் சொல்லி 1753-லேயே சி.பி.இ. பாக் புத்தகம் எழுதிவிட்டார்.

கட்டைவிரலை 1, சுண்டுவிரலை 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டை சுருதியில், அதாவது சி-யில், வலது கை: ச-1, க-2, சுத்த ம-3, பிரதி ம-4, ப-1, நி-2, மேல் ச-3. இன்னும் மேலே போகணும்னா மேல் ச-வில் மறுபடி 1. இறங்கும்போது இதே கணக்கு தலைகீழ். இடது கைக்கு ஏறும்போது 3-2-1-4-3-2-1.

வலது கையின் இதே கணக்கு 2, 3, 5, 6 கட்டைக்கும் அப்படியே பொருந்தும்! காரணம், இவை எல்லாவற்றிலும் பிரதி மத்யமம் கறுப்பு, பஞ்சமம் பக்கத்து வெள்ளை. 4 கட்டையில் மட்டும் சுத்த மத்யமம் கறுப்பு, பிரதி மத்யமம் வெள்ளை. அங்கே 1-2-3-1-2-3, முடிவில் 4. இரண்டரைக் கட்டையில் சுத்த தன்யாசி முழுக்கக் கறுப்பு. பிரதி மத்யமம் மட்டுமே வெள்ளை. கட்டைவிரலுக்கு அது ஒன்றே இடம்: 2-3-4-1-2-3-4.

ப்ளூஸ் பாடகர் காந்தாரத்தைக் குரலில் வளைப்பார். கிட்டார்காரர் கம்பியை இழுப்பார். பியானோவில் முடியுமா? கமகம் வராது என்ற குறையும் சேர்ந்துதான் 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்கு வானொலியில் தடை இருந்தது. பியானோக்காரர்கள் கண்ட வழி, கறுப்புக் காந்தாரத்திலிருந்து அதே 2-ஆம் விரலைப் பக்கத்து வெள்ளைக்கு வழுக்கி விடுவது. கறுப்பிலிருந்து வெள்ளைக்குத்தான் வழுக்கும், ஏறாது. ஆகவே இது 1, 4, 5 கட்டைகளில் சுலபம். 2, 3, 6-ல் நடக்காது.

'ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கே' என்பீர்கள். சாதாரண பியானோவில் அது இல்லையே, நண்பா! லேத்தில் டூலை சென்டர் பார்க்காமல் கட்டிவிட்டு ஜாபைக் குறை சொல்லலாமா? விரலும் அப்படித்தான். தினம் பத்து நிமிஷம், மெதுவாக, ஒரே கணக்கில் வாசியுங்கள். மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிடுங்கள். வலியோடு வாசிப்பது சாதகம் ஆகாது.

இந்த ஆண்டு விழாவிலும் அதே துண்டைத்தான் வாசிக்கப் போகிறேன். கைதட்டுவதும் கூச்சல் போடுவதும் உங்கள் பொறுப்பு!