நீரிழிவு நோயாளரின் இலக்குகளும் வாழ்நிலையும்

நீரிழிவு நோயாளர் தம்மைத் தாமே பராமரிப்பதற்கு இலக்குகளை வகுத்துக்கொள்ளல் வேண்டும் என்பது மருத்துவ உலகில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். ஆண்டொன்றில் அவர் வைத்தியரின் முன் இருப்பது சில மணித்தியாலங்களே. எஞ்சிய நாளெல்லாம் உணவையும் மருந்தையும் ஓய்வையும் அவரே ஒழுங்குசெய்கின்றார். ஆயின், அவ்விலக்கு யாருடையது என்னும் வினா போதியளவு எழுப்பப்படுவதில்லை.

பொதுவாக நோயாளரிடம் கையளிக்கப்படுவது ஓர் எண். வளர்ந்தோர் பலருக்கு ஏ1சி அளவு 7 சதவீதத்துக்குக் கீழ் இருத்தல் விரும்பத்தக்கது என்பர். செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்வதனால், அதன் ஈமோகுளோபினிற் பிணைந்த குளுக்கோசை அளக்கும் இவ்வெண் கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் நிலையையே காட்டும். இன்றைய முயற்சியின் பயன் நாளை அதிற் புலப்படாது. 'இரவு படுக்குமுன் பாதங்களைப் பார்ப்பேன்', 'மாலைத் தேநீரிற் சீனி சேர்க்கமாட்டேன்' என அவரே தெரிந்தெடுக்கும் செயல்தான் கைக்கெட்டும் இலக்காகும்.

அச்செயலின் எல்லையை வாழ்நிலை வரையறுக்கின்றது. மலைச்சரிவுகளில் நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் தினமும் அரைமணி நேரம் நடக்குமாறு கூறுவோர் அவரது உழைப்பைக் காணாதவரே. கோதுமை ரொட்டியைக் குறைக்கச் சொல்லுமுன், அதற்கு மாற்றாக எதனை வாங்க அவரது கூலி இடந்தரும் எனக் கேட்டல் வேண்டும். 'ஒத்துழைக்காத நோயாளி' என்னும் முத்திரை புறநிலைமைகளை மனவுறுதிக் குறைவாகத் திரித்துக் காட்டுவதாகும்.

அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களின் வறிய குடியிருப்புகளைச் சேர்ந்த குடும்பங்களிற் சில, வறுமை குறைந்த பகுதிகளுக்குப் பெயர்வதற்கான வாடகை உதவிக்குக் குலுக்கல் முறையில் தெரிவாயின. பத்து முதல் பதினைந்து ஆண்டுகளின் பின்னர், அவ்வாறு தெரிவான பெண்களிடையே கடும் உடற்பருமனும் நீரிழிவும் ஏனையோரிலும் குறைவாகக் காணப்பட்டமையை 2011 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அத்திட்டம் வீட்டைப் பற்றியது. உணவு இலக்கு எதனையும் அது வகுக்கவில்லை.

இதனைக் கொண்டு, சமூகம் மாறும்வரை தனிமனித இலக்குகள் வீணென வாதிடும் நண்பர்களுடனும் நாம் உடன்படவில்லை. காலிற் புண் கண்டவருக்கு அத்தகைய அவகாசம் இல்லை. உதவ முனைவோர் முதலில் நோயாளரின் வேலைநேரத்தையும் உணவுவேளையையும் கேட்டறிதல் வேண்டும். மதிய உணவு பிந்தும் நாளில் இன்சுலின் இடுவோரது குருதிக் குளுக்கோசு ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். பின்னர் ஒரேயொரு செயலைத் தெரிந்து, அதனை நிறைவேற்றும் நம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி இடுவார் என வினவலாம். ஏழிலும் குறைவெனின், நோயாளரைக் கடியாது செயலைச் சிறிதாக்குதலே முறை.