தமிழ் வானொலி நாடகங்கள்

வானொலி நாடகம் என்பது குரல், ஓசை, இசை, மௌனம் ஆகியவற்றால் மட்டுமே கதை சொல்லும் நாடக வகை. வானொலிக்கென்றே எழுதப்பட்ட தொடக்கக்கால நாடகங்களுள் ஒன்று, ரிச்சர்ட் ஹியூஸ் எழுதி 1924 சனவரி 15 அன்று பி.பி.சி. ஒலிபரப்பியது. விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்தில் சிக்கியவர்களின் கதை அது. பாத்திரங்களும் நேயர்களும் ஒரே இருட்டில் இருந்தனர்.

வரலாறு

சென்னை வானொலி நிலையம் 1938 சூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கப்பட்டன. முதலில் நடிகர்கள் ஒலிவாங்கியைச் சுற்றி நின்று நேரடியாகவே நடித்தனர். ஒலிநாடா வந்த பிறகே பதிந்து வைப்பது எளிதாயிற்று. இலங்கை வானொலியில் 'சானா' எனப்பட்ட எஸ். சண்முகநாதன் நாடகத் தயாரிப்பின் முன்னோடி. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' அங்கு புகழ்பெற்ற தொடர். எஸ். ராம்தாசின் நகைச்சுவைத் தொடர் ஒன்று 1976-ல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாயிற்று.

ஒலியே காட்சி

செஞ்சி வட்டாரம் தெருக்கூத்துக்குப் பேர்போனது. கூத்தில் கிரீடமும் முகப்பூச்சும் பாத்திரத்தை அடையாளம் காட்டிவிடும். வானொலியில் அதற்கு வழியில்லை. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு மாண்ட செஞ்சியின் தேசிங்கு ராசன் கதையை வானொலி நாடகமாக்குவதாக வைத்துக்கொள்வோம். ராசகிரிக் கோட்டையின் உயரத்தை எப்படி உணர்த்துவது? ஏறுபவரின் மூச்சிரைப்பு, சொற்களுக்கிடையே விழும் இடைவெளி, மேலே போகப்போக வலுக்கும் காற்று ஆகியவை போதும். இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டினால் குதிரைக் குளம்பொலி. கண்ணாடித்தாளைக் கசக்கினால் தீ எரியும் ஓசை. மெல்லிய தகரத்தை உலுக்கினால் இடி. குளம்பொலி தேய்ந்து மறைந்தால் படை புறப்பட்டுவிட்டது என்று பொருள்.

கேட்கும் முறை

பழைய பதிவை முதல்முறை கேட்கும்போது குரல்களை அடையாளம் கண்டுகொண்டால் போதும். இரண்டாம் முறை, ஒருவர் உள்ளே வருவதையும் வெளியேறுவதையும் வசனம் எப்படித் தெரிவிக்கிறது என்று கவனிக்கலாம். பாத்திரங்கள் ஒருவரையொருவர் அடிக்கடி பெயர் சொல்லி அழைப்பதற்குக் காரணம் அப்போது விளங்கும். மௌனம் எங்கே வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

பாதுகாப்பு

ஒலிநாடா விலையுயர்ந்த பொருளாக இருந்ததால், ஒலிபரப்பான நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிவது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. பி.பி.சி. இழந்த நிகழ்ச்சிகள் சில, நேயர்கள் வீட்டில் பதிந்து வைத்திருந்த நாடாக்களிலிருந்தே மீண்டும் கிடைத்தன. எழுத்து வடிவம் அச்சில் எஞ்சியிருந்தாலும், நடிகரின் குரலையும் மூச்சையும் நிறுத்தத்தையும் அதிலிருந்து மீட்க முடியாது. ஆகவே வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கேசட்டுகளைத் தூக்கி எறியுமுன், அவற்றில் இருப்பது என்ன என்று கேட்டுப் பார்த்து, நாடகம் இருந்தால் பெயர், நிலையம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, கணினியில் படியெடுத்து வைப்பது நல்லது. பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யாமல் ஓட்டக் கூடாது.