கனடாவுக்குத் துணையை அழைப்பதும் உண்மைத் திருமணத்தை நிரூபிப்பதும்

கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ பெற்ற ஒருவர் ஊரிலுள்ள கணவனையோ மனைவியையோ ஸ்பான்சர் செய்து அழைக்கலாம். திருமணப் பதிவுச் சான்றிதழ் அதற்கு அவசியம்; ஆனால் அது மட்டும் போதாது. உறவு உண்மையானதல்ல என்றோ, குடிவரவுப் பலனுக்காகவே முதன்மையாகக் கல்யாணம் நடந்தது என்றோ அதிகாரி கருதினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். 2010 வரை இந்த இரண்டும் சேர்ந்திருந்தால்தான் மறுக்க முடிந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒன்றே போதும். அதனால் இன்று மனமொத்துக் குடும்பம் நடத்தும் தம்பதியும், தாலி கட்டிய நாளில் இருந்த நோக்கத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. இது கடுமையான விதிதான்.

பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணங்களில் சிக்கல் கூடுதல். ஜாதகம் பொருந்தி, சில வாரங்களில் கல்யாணம் முடிந்து, லீவு தீர்ந்ததும் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவார். காட்டுவதற்குக் கல்யாணத்துக்கு முந்தைய பழக்கமே இராது. பேசிச் செய்த திருமணம் என்பதற்காக மட்டும் யாரையும் மறுப்பதில்லை. ஆனால் அந்தச் சமூகத்தின் வழக்கத்திலிருந்து கல்யாணம் எங்கே விலகுகிறது என்று கூர்ந்து பார்ப்பார்கள்: பெற்றோர் வராத கல்யாணம், பெரிய வயது வித்தியாசம், பத்துப் பேர் மட்டும் நிற்கும் புகைப்படம். தந்தை படுக்கையில் இருந்திருக்கலாம். மறுமணம் என்பதால் சுருக்கமாக முடித்திருக்கலாம். அந்தக் காரணத்தை விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். நேர்காணலில் கேட்ட பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத் தோன்றும்.

கல்யாணத்துக்குப் பிந்தைய தடயங்களே பெரிய பலம். விடாமல் தொடரும் அழைப்புப் பதிவுகள், அனுப்பிய பணத்தின் ரசீதுகள், திரும்ப வந்து தங்கியதைக் காட்டும் பாஸ்போர்ட் முத்திரைகள், காப்பீட்டில் துணையை வாரிசாகக் குறித்த தாள் ஆகியவை பேசும். தடித்த மேடை ஆல்பத்தைவிட, தேதியும் நிற்பவர்களின் உறவுமுறையும் எழுதிய சில படங்கள் பயன்தரும்.

நேர்காணலில் உண்மையான தம்பதியும் தடுமாறுவதுண்டு. சம்பந்தம் பேசியது யார் என்ற கேள்விக்கு மனைவி ‘மாமா’ என்கிறார், கணவர் ‘தரகர்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரகர் ஜாதகம் கொண்டுவர, மாமா பேசி முடித்திருப்பார், இரண்டும் சரி. முழுக் கதையையும் சொல்லாவிட்டால் அதுவே முரண்பாடாகப் பதிவாகும். மனப்பாடம் செய்த பதில் இதற்கு உதவாது. பொய் ஆவணம் கொடுத்தது தெரிந்தால் 5 ஆண்டுகள் கனடாவுக்குள் நுழையத் தடை வரும்.

மறுப்பு வந்தால் ஸ்பான்சர் செய்தவர் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே விசாரணை புதிதாக நடக்கும்; மறுப்புக்குப் பின் சேர்ந்த சான்றுகளையும் வைக்கலாம். நிரூபிக்கும் பொறுப்பு அங்கும் தம்பதியுடையதே. ஐயத்துக்கே இடமில்லாத அளவுக்கு அவர்கள் நிரூபிக்கத் தேவையில்லை. உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.